சந்தையும் மேளமும்

வாழவந்தியில் மாதம் ஒரு முறை விவசாயிகளும் நெசவாளர்களும் சேர்ந்து ஒரு சந்தை கூட்ட வேண்டும் என்ற யோசனை நம் அங்கத்தினர்களிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகிறது. யோசனையை மறுப்பவர் இல்லை. ஆனால், அந்தச் சந்தை நாளில் மேளமும் பாட்டும் இருக்க வேண்டும், அதற்கான செலவைச் சந்தையே ஏற்க வேண்டும் என்று நான் சொன்னபோது, மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "தம்பி, பலாப்பழம் விற்பதற்கு நாகசுரம் எதற்கு?" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். எனினும் கேள்வி நியாயமானது. கூட்டுறவுப் பணம் ஊர்ப் பணம். அதில் ஒரு ரூபாயைச் செலவிடச் சொல்கிறவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். அன்று கூட்டத்தில் சொல்ல முடியாமற் போன காரணத்தை இங்கே எழுதுகிறேன். அங்கத்தினர்கள் பொறுமையோடு படித்து, பிறகு ஏற்பதானாலும் தள்ளுவதானாலும் செய்வார்களாக.

பழைய சந்தை

நான் வளர்ந்த குடியிருப்பில் வீடுகள் இருபதைத் தாண்டா. ஒரு வீட்டுத் திண்ணைக்கும் அடுத்த வீட்டுத் திண்ணைக்கும் இடையே ஒரு கோழி நுழையும் அளவே இடைவெளி. யார் வீட்டில் பலா பழுத்திருக்கிறது, யார் வீட்டுப் பாயில் மிளகு காய்கிறது, யார் வீட்டில் சாமைச் சோறு வேகிறது என்பதை எங்கள் மூக்கே சொல்லிவிடும். சந்தைக்கு முந்திய மாலையில் வீட்டுக்கு வீடு கூடை கட்டுவார்கள். ஒருவர் கூடையில் இடம் இருந்தால் அடுத்த வீட்டுக் கொய்யா அதில் ஏறும். கணக்கு எழுதுவார் இல்லை. ஆயினும் கணக்குத் தவறியதும் இல்லை. கூட்டுறவு என்ற சொல்லை நாங்கள் அப்போது கேட்டதில்லை. அந்தப் பழக்கம் மட்டும் இருந்தது.

விடியுமுன் எழுந்து, கைவிளக்கோடு ஒற்றையடிப் பாதையில் இறங்குவோம். பெரியவர்கள் தலையில் கூடை. சிறுவர்களான எங்கள் தோளில் சிறு மூட்டை. இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். அடிவாரத்தை நெருங்கும்போது, மரங்களுக்கு அப்பாலிருந்து உறுமியின் ஓசை கேட்கும். அது கேட்டதும் கால் வலி பாதியாகக் குறைந்துவிடும். சந்தை இன்னும் சூடு பிடிக்கவில்லையா, பாதி முடிந்துவிட்டதா என்பதை என் தந்தை அந்த ஓசையைக் கொண்டே கணிப்பார். கடிகாரம் இல்லாத எங்களுக்கு அதுவே கடிகாரம்.

சந்தைக்குள் நுழைந்தால் ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு பார்வையற்ற பாடகர் அமர்ந்திருப்பார். அவர் மனைவி தாளம் தட்டுவார். இரவு கூத்து உண்டென்றால், பகலிலேயே மத்தளக்காரர் ஒருவர் வந்து நாலு தட்டுத் தட்டி அறிவித்துவிட்டுப் போவார். சேலம், தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தை நாங்கள் அறிந்துகொண்டது அவ்வாறுதான். புளியமரத்தடியில் சேலத்து நெசவாளர் ஒருவர் துணி மூட்டையை அவிழ்த்துப் பரப்பியிருப்பார். என் தந்தை கூடையை இறக்கியதும் முதலில் அவரிடம்தான் செல்வார்.

"வாங்க கவுண்டரே, மலையில மழை எப்படி?" என்று அவர் கேட்பார்.

"பெய்யுதுங்க முதலியாரே. உங்க பக்கம் நூல் விலை எப்படி?" என்று என் தந்தை கேட்பார்.

இந்த இரண்டு கேள்விகளையும் நான் இன்றுவரை மறக்கவில்லை. மலையில் இருப்பவனுக்கு நெசவாளனின் நூல் விலை பற்றி ஏன் கவலை? தறியில் இருப்பவனுக்கு மலையின் மழையைப் பற்றி ஏன் கவலை? மழை பொய்த்தால் மலையில் வேட்டி வாங்க ஆள் இராது. நூல் விலை ஏறினால் தறி நின்று, பழம் வாங்க ஆள் இராது. ஒருவர் வயிறு மற்றவர் கையில் இருக்கிறது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவைத் தந்தது சந்தை. பேசி நிற்பதற்கு நேரத்தைத் தந்தது அங்கிருந்த பாட்டு.

மறக்கக் கூடாதவை

பழமையை நினைக்கும்போது இனிப்பானவற்றை மட்டும் நினைப்பது மனித இயல்பு. அதை நம்பித் திட்டம் தீட்டினால் மோசம் போவோம். ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்தையில் தராசு எங்களுடையதன்று. மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு பிடிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "ஈரக் கழிவு" என்பார்கள். வெயிலில் காய்ந்த மிளகுக்கும் ஈரக் கழிவு உண்டு! நண்பகல் கடந்தால் விலை சரியும். விற்காத பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். நாங்கள் தருவதற்கு முன்பே அவன் காத்திருக்கத் தொடங்கிவிடுவான். முன்பணம் வாங்கியவன் விலை பேசும் உரிமையையே இழந்தவன். அவ்வாறு இழந்தவர்களுள் என் தந்தையும் ஒருவர்.

மேளக்காரரின் நிலையோ இதனினும் கீழானது. எங்கள் கால் வலியைத் தீர்த்த அந்த உறுமிக்காரர் சந்தையின் ஓரத்தில்தான் நிற்பார். தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் குவளை. கூலி என்று எதுவும் பேசப்பட்டதில்லை. மாலையில் மிஞ்சிய காயும் அடிபட்ட பழமும் அவர் துண்டில் விழும். அவர் கலைக்கு நாங்கள் தலையாட்டினோம். அவர் கைக்குக் காசு கொடுக்கவில்லை. சிறுவயதில் இது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை என்பதே இன்று எனக்கு வெட்கத்தைத் தருகிறது.

எனவே பழைய சந்தையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் மனிதரை மனிதரோடு சேர்த்தது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, மனிதரை ஏய்த்ததையும் இழிவு செய்ததையும் விலக்கி, நம் கையால் ஒரு புதிய சந்தையை ஆக்க வேண்டும் என்றே கேட்கிறேன். இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் சல்லடை கூட்டுறவு ஒன்றே.

உழவர் சந்தை கற்றுத் தந்தது

விளைவித்தவனே விற்கும் சந்தைகளுக்கு நம் நாட்டில் முன்மாதிரிகள் உண்டு. பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் இது தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில், அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களால் திறக்கப்பட்டது. அதன் பின் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவை எழுந்தன. சேலம் நகரில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி ஆகிய இடங்களின் உழவர் சந்தைகளை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள்.

அந்த ஏற்பாட்டின் சிறப்புகள் நான்கு. முதலாவது, நிலத்தைப் பார்த்துச் சான்று பெற்ற விவசாயிக்கே அடையாள அட்டை, வியாபாரிக்கு இடமில்லை. இரண்டாவது, கடைக்கு வாடகை இல்லை. மூன்றாவது, தராசு சந்தையினுடையது. ஈரக் கழிவு என்ற பேச்சே இல்லை. நான்காவது, மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றாடம் விலை குறித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம். என் தந்தை காலத்தில் இந்த நான்கில் ஒன்றேனும் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆனால் மலைவாசிகளான நமக்கு அதில் இரண்டு குறைகள் உண்டு. நகரத்துச் சந்தை விடியற்காலையில் கூடிக் காலையிலேயே கலையும். மலையிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டு அந்நேரத்துக்குப் போய்ச் சேர்வதென்றால், முதல் நாளே போய் அங்கே கண்விழிக்க வேண்டும். வண்டிக் கூலியும் ஒரு நாட் கூலியும் போக, நாலு கூடைப் பழம் விற்கிறவனுக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆகவே நம்மவர்களில் பலர் பலாவை மரத்தோடு பேசி விட்டுவிடுகிறார்கள். காப்பியைப் பழமாகவே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது குறை, நெசவாளருக்கு அங்கே இடமில்லை. காய்கறிக்கென ஏற்பட்ட சந்தையில் வேட்டி விற்க முடியாது. புளியமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவரை, நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், புதிய ஏற்பாடு பிரித்துவிட்டது.

மலைக்குச் சந்தை வரட்டும்

சரக்கைக் கீழே இறக்குவது கடினமானால், வாங்குகிறவர் மேலே வரட்டும். அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏற்காட்டுக்கு வருவோர் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பகோடா முனையையும் பார்க்கிறார்கள்; சேர்வராயன் கோயில் குகைக்குப் போகிறார்கள்; மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் காண்கிறார்கள். மலையை முழுவதும் பார்த்துவிட்டு, மலையில் வாழ்கிறவனை மட்டும் பாராமல் திரும்பிவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. அவனைக் காண ஓர் இடத்தை நாம் அமைத்து வைக்கவில்லை.

சரக்கு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இரண்டு நூற்றாண்டாக இங்கே காப்பி விளைகிறது. 1940-களிலிருந்து நெடுங்காலம் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே கொடுத்து வந்தோம். 1990-களில் அக்கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. விற்கும் உரிமை நமக்கு வந்தது. வாங்குகிறவரைத் தேடும் பொறுப்பும் உடன் வந்தது. பொறுப்பை நாம் இன்னும் சரியாக ஏற்கவில்லை. பழமாகக் கொடுப்பதை விட்டு, உலர்த்தி, வறுத்து, அரைத்துக் கால் கிலோப் பொட்டலமாகக் கொடுத்தால், அந்த வேலைக்குரிய கூலி நம் வீட்டிலேயே தங்கும். அரைக்கும் இடத்திலேயே ஒரு குவளைக் காப்பி கலந்து கொடுத்தால், குடித்தவர் பொட்டலம் வாங்காமல் நகரமாட்டார்.

காப்பி பறிப்பு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். மிளகு அதைத் தொடர்ந்து. பலா கோடையில் தொடங்கி ஆனி, ஆடி வரையில். இடையிலே கொய்யா, பேரி, தேன், சாமை. ஆரஞ்சு முன்போல் இல்லை என்பது வருத்தமே. ஆயினும் இருப்பதைக் கொண்டுவரலாம். எந்த மாதத்திலும் சந்தை வெறுமையாக இராது.

நெசவாளருக்கு என்ன பயன்?

இவ்விதழைப் படிக்கும் நெசவாளச் சகோதரர்கள், "மலைச் சந்தையால் எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம்.

கைத்தறிக்குக் கூட்டுறவு புதிதன்று. நம் மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. துணி தேங்கி நெசவாளர் தவித்த 1953-ஆம் ஆண்டில், அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. உண்மையான கைத்தறியை அடையாளம் காட்ட 2006-இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இவ்வளவு இருந்தும், வாங்குகிற பெண்மணிக்கு விசைத்தறிச் சேலைக்கும் கைத்தறிச் சேலைக்கும் வேற்றுமை தெரிவதில்லை; விலையின் வேற்றுமை மட்டுமே தெரிகிறது.

முத்திரை சொல்லாததை நெசவாளர் தம் வாயால் சொல்லலாம். ஊடைக்குத் தார் சுற்றுவதைப் பார்த்தவர், ஒரு சிறு தறியில் நாடா ஓடுவதைக் கண்டவர், ஒரு முழம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர், அதன் பிறகு விலையைக் குறைத்துப் பேசத் தயங்குவார். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் வளர்ந்தவர்களுக்குத் தறியோசை தாலாட்டு. அந்த ஓசையைக் கேட்டிராத தலைமுறை ஒன்று நகரங்களில் வளர்ந்திருக்கிறது. அவர்கள் முன் தறி பேசட்டும்.

மேளம் எதற்கு?

இனி, மூத்த அங்கத்தினரின் கேள்விக்கு வருகிறேன்.

கடைத்தெருவில் பொருளை எடுத்தவுடன் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம். பொருள் மலிவாக வேண்டும் என்பவர் கைப்பேசியிலேயே வாங்கிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். விரைவிலும் விலையிலும் நாம் அவர்களோடு போட்டியிட்டு வெல்ல முடியாது. நம்மிடம் இருப்பது ஒன்றே: விளைவித்தவனும் நெய்தவனும் எதிரே நிற்கிறார்கள். அந்த முகத்தைக் காண்பதற்கு வாங்குபவர் சற்று நிற்க வேண்டும். நின்றால் கேட்பார், கேட்டால் அறிவார், அறிந்தால் அடுத்த மாதமும் வருவார். நிற்க வைப்பது எது? வெயிலில் ஒருவரை நிற்க வைக்கும் ஆற்றல் பேரம் பேசுவதற்கு இல்லை; பாட்டுக்கு உண்டு. ஆகவே பாட்டைச் சந்தைக்கு அலங்காரம் என்று எண்ணலாகாது. தராசையும் விலைப் பலகையையும் போல அதுவும் சந்தையின் ஒரு கருவி.

இது அந்நிய நாட்டு நாகரிகம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோரின் நூல்களைப் பாருங்கள். மதுரைக்காஞ்சி பகற்சந்தையாகிய நாளங்காடியையும் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியையும் கூறுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் நாளங்காடியைக் காட்டுகிறது. பாணரும் கூத்தரும் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த நாடு இது. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டைக்குப் பெயர் தந்ததே செவ்வாய்க்கிழமைச் சந்தைதான். சந்தை கூடிய நாளையே ஊருக்குப் பெயராக இட்ட மக்கள் நாம்.

அந்நிய நாட்டிலிருந்தும் கற்க வேண்டியது உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1907-ஆம் ஆண்டு வெங்காயத்தின் விலை பன்மடங்கு ஏறியது. ஏறிய விலை விளைவித்தவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 17 அன்று விவசாயிகளே நேரில் விற்க 'பைக் பிளேஸ்' என்ற சந்தை ஏற்பட்டது. முதல் நாள் வந்த வண்டிகள் சிலவே. கொண்டுவந்த சரக்கு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. அச்சந்தை இன்றும் நடைபெறுகிறது. அங்கே பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அனுமதிச் சீட்டுப் பெற்று, தரையில் இசைக் குறி தீட்டிய இடங்களில் நின்று பாடுகிறார்கள்; ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. நமக்கு வேண்டிய பாடம் அந்த ஒழுங்குதான். பாட்டுக்கு ஓர் இடம், ஒரு நேரம், ஒரு முறை.

ஒலிபெருக்கி வேண்டாம் என்பதை நானும் வலியுறுத்துகிறேன். கம்பத்தில் குழாயைக் கட்டிச் சினிமாப் பாட்டு வைப்பது எளிது; செலவும் குறைவு. ஆனால் அதன் கீழே நின்று எவரும் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேச முடியாது. அது கூட்டத்தைச் சேர்க்கும், மனிதர்களைச் சேர்க்காது. நேரில் வாசிக்கிறவரோ எதிரே இருப்பவரின் முகம் பார்த்து வாசிப்பார். பேரம் நடக்கும்போது அடக்குவார். குழந்தைகள் சூழ்ந்தால் துரிதப்படுத்துவார். அந்த இங்கிதம் குழாய்க்கு வராது.

கலைஞரும் உழைப்பாளியே

என் மனத்தில் உள்ள காரணங்களுள் முதன்மையானதைக் கடைசியில் வைத்தேன். மேளம் வாசிக்கிறவரும் ஓர் உற்பத்தியாளர். அவர் கருவி தறியைப் போல விலையுள்ளது; அவர் பயிற்சி நெசவைப் போலச் சிறுவயதில் தொடங்கி வருவது; அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலவே தந்தையின் தொழிலை விட்டுவிட்டு, திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். விளைபொருளுக்கு நியாய விலை கேட்கும் நாம், கலைக்கு மட்டும் மிஞ்சிய காயைக் கொடுப்போமானால், நம் கோரிக்கையில் நியாயம் இல்லை.

ஆகவே நம் சந்தையில் வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே பேசி முடிவு செய்த ரொக்கக் கூலி வேண்டும். அது பிச்சையாகவோ சன்மானமாகவோ இராமல் கூலியாகவே இருக்க வேண்டும். வாசிப்பது சாதிக் கடமை என்ற பேச்சு அங்கே எழக் கூடாது. யார் கற்றவரோ அவர் வாசிக்கட்டும். எந்த வீட்டுப் பிள்ளை கற்க விரும்பினாலும் கற்கட்டும். எல்லாருக்கும் காப்பி ஒரே குவளையில். இதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும். என் சிறு வயதில் ஓரத்தில் நின்ற அந்த உறுமிக்காரருக்கு இனி நான் எதுவும் செய்ய முடியாது. அவர் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு நாம் செய்யலாம்.

ஆட்சேபணைகள்

செலவு என்பது முதல் ஆட்சேபணை. ஓர் உதாரணக் கணக்கு: நாற்பது கடைகள் கூடுவதாகவும், கடை ஒன்றுக்கு 100 ரூபாய் சந்தைக் கட்டணம் என்றும் கொள்வோம், தொகை 4,000 ரூபாய். நால்வர் கொண்ட மேளத்துக்குத் தலைக்கு 800 ரூபாய் கொடுத்தால் 3,200. மீதி 800 ரூபாயில் அவர்கள் பஸ் கட்டணமும் சாப்பாடும் அடங்கும். சங்க நிதியிலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை. கடைக்காரருக்கு இது சுமையாகுமா என்று மூன்று சந்தைகள் நடத்திப் பார்த்து, வரவு செலவை இவ்விதழிலேயே வெளியிடலாம். சுமை என்று கண்டால் நிறுத்திவிடலாம்.

செலவின் தத்துவத்தையும் சற்றே சிந்திக்க வேண்டும. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களிற் பலர் கம்பளி நெசவாளர்கள், வறுமையில் வாடியவர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி இவைதாம் சரக்கு. கலப்படமில்லாப் பொருள், குறையாத நிறை என்பவை அவர்கள் கொள்கை. அந்த ஏழைகள்தாம், பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கிப் படிப்பகம் நடத்தினார்கள். 'மாவு விற்பதற்குப் புத்தகம் எதற்கு?' என்று அங்கும் யாரேனும் கேட்டிருக்கலாம். வயிற்றுக்கு மட்டும் கடை வைத்தால் அது கடையாகவே இருக்கும். மனிதனுக்கும் சேர்த்து வைத்ததால் அது இயக்கமாயிற்று.

இரண்டாவது ஆட்சேபணை, வியாபாரிகள் விவசாயி வேடத்தில் நுழைந்துவிடுவார்கள் என்பது. இது வெறும் பயமன்று, நடக்கக்கூடியதே. அதற்கு மருந்து உழவர் சந்தையிலேயே இருக்கிறது: அடையாள அட்டை. துணிக்குக் கைத்தறி முத்திரை. இரண்டையும் பார்வையிட இரண்டு விவசாயிகளும் இரண்டு நெசவாளர்களும் கொண்ட குழு. விவசாயியை நெசவாளரும் நெசவாளரை விவசாயியும் பார்வையிட்டால் தாட்சணியம் குறையும்.

மூன்றாவது, சந்தை வேடிக்கையாகிவிடும், உல்லாசப் பயணிகள் படம் பிடித்துக்கொண்டு போவார்களே தவிர வாங்கமாட்டார்கள் என்பது. இதில் உண்மை உண்டு. ஆகவே சந்தை முதலில் நம் ஊர்களுக்கு, பிறகே விருந்தினருக்கு. வேட்டியும் துண்டும் போர்வையும் மலைமக்கள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். நெசவாளர் திரும்பும்போது அவர் பையில் மிளகும் பழமும் இருக்க வேண்டும். நமக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தால், வேடிக்கை பார்க்க வந்தவரால் ஒரு தீங்கும் இல்லை. நாமே ஒருவரிடம் ஒருவர் வாங்காவிட்டால், ஆயிரம் பேர் வெளியிலிருந்து வந்தும் சந்தை நிலைக்காது.

செய்ய வேண்டுவது

அடுத்த மகாசபையில் கீழ்க்கண்டவற்றை நிர்வாகக் குழு ஆலோசனைக்கு வைக்க வேண்டுகிறேன். ஊராட்சியின் அனுமதியோடு வாழவந்தியில் மாதம் ஒரு நாள், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை சந்தை. முத்திரையிட்ட பொதுத் தராசு இரண்டு. அன்றைய விலை எழுதிய பலகை. விற்காத சரக்கை மாலையில் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க ஒரு வண்டி. விற்றே தீர வேண்டும் என்ற அச்சம் விவசாயிக்கு இருக்கலாகாது. நெசவாளருக்கு நிழலில் இடமும் ஒரு சிறு தறியும். மேளத்துக்கு மரத்தடியில் ஒரு மேடை, மணிக்கு இவ்வளவு நேரம் வாசிப்பு, இடையே ஓய்வு, ஒலிபெருக்கி இல்லை. ஆறு மாதம் நடத்திப் பார்த்துத் தொடர்வதா, விடுவதா என்று மறுபடி மகாசபை தீர்மானிக்கட்டும்.

அன்று கேள்வி கேட்ட பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, பலாப்பழம் விற்பதற்கு நாகசுரம் வேண்டியதில்லை. பலாப்பழம் அதுவாகவே விற்கும், விலைதான் கிடைக்காது. விலை கிடைக்க, விளைவித்தவனை ஊர் அறிய வேண்டும். ஊர் கூட ஓர் ஓசை வேண்டும். எங்கள் குடியிருப்பிலிருந்து இருட்டில் இறங்கி வந்த சிறுவர்களுக்கு மரங்களுக்கு அப்பாலிருந்து அந்த ஓசை கேட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது கீழேயிருந்து கேட்க வேண்டாம். நம் மலையிலிருந்தே கேட்கட்டும். முதல் சந்தை கூடும் நாளில் தாங்களே முன்னின்று தராசைப் பிடிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.